பத்தாவது ஆள் எங்கே?

நடுவர் அவர்களே, அணித் தலைவர்களே, அவையோரே, வணக்கம். மாலை மரியாதை எல்லாவற்றையும் முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தலைப்பு: "மெய்யறிவைத் தருவதில் முதலிடம் காட்சிக்கா, கருதலுக்கா, உரைக்கா?" கண்டு அறிவது காட்சி. கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பது கருதல், அதாவது அனுமானம். நம்பத்தக்கவர் சொல்லித் தெரிந்துகொள்வது உரை. ஆகமம் என்பார்கள், சப்தம் என்பார்கள். நான் உரைக் கட்சி. கடைசியில் பேச விட்டிருக்கிறார்கள். சொல்லுக்கு எப்போதும் கடைசி இடம்தான் கிடைக்கிறது, பழகிவிட்டது.

இந்த அளவைகள், அதாவது அறியும் வழிகள், எத்தனை என்பதிலேயே நம் தரிசனக்காரர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. கண்டதை மட்டுமே நம்பும் உலகாயதருக்கு ஒன்று. பௌத்தருக்கும் வைசேடிகருக்கும் இரண்டு. சாங்கியருக்கு மூன்று. நையாயிகருக்கு நான்கு. மீமாம்சையில் பிரபாகரர் கட்சிக்கு ஐந்து, குமாரில பட்டர் கட்சிக்கு ஆறு, அத்வைதிக்கும் ஆறு. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் அளவைவாதி வேதவியாதர் பெயரால் பத்து என்கிறான். சைவ சித்தாந்தி அருணந்தி சிவாச்சாரியார்தான் இந்தப் பத்தையும் அடுக்கிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை மூன்றில் அடங்கும் என்று கதவைச் சாத்தினார். இன்றைய மேடையில் மூன்று அணி இருப்பதற்கு அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

இனி கதைக்கு வருகிறேன். வேதாந்திகள் காலங்காலமாகச் சொல்லும் கதை, சங்கரரே கையாண்ட உதாரணம். அவர்கள் ஒரு வரியில் முடிப்பார்கள். நான் முடிக்கமாட்டேன்.

பத்துப் பேர் ஆற்றைக் கடக்கிறார்கள். நல்ல வெள்ளம். கரையேறியதும் ஒருவனுக்குச் சந்தேகம்.

"எல்லாரும் வந்துட்டோமா?"

"எண்ணிப் பாரு."

எண்ணுகிறான். ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு, ஒன்பது. பகீர் என்றது. "ஐயோ, ஒருத்தனைக் காணோம்!"

"நீ தள்ளு. உனக்கு எண்ணவே தெரியாது." அடுத்தவன் வருகிறான். ஒன்று, இரண்டு... ஒன்பது. மூன்றாமவன் வருகிறான். ஒன்பது. இப்படிப் பத்துப் பேரும் எண்ணினார்கள். பத்துப் பேருக்கும் ஒன்பதுதான் வந்தது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், நடுவர் அவர்களே. காட்சி அணித் தலைவர் என்ன சொன்னார்? "ஒருவர் கண்டால் பிழை வரலாம், பலர் கண்டால் வராது." இதோ பத்துப் பேர், பத்து ஜோடிக் கண், ஒவ்வொருவனும் தனித்தனியாக எண்ணினான், ஒருவனும் அடுத்தவனைப் பார்த்துக் காப்பி அடிக்கவில்லை. பத்துச் சாட்சி, ஒரே வாக்குமூலம், அத்தனையும் தப்பு! (கைதட்டலை முடித்துக்கொள்ளுங்கள், கதை இன்னும் இருக்கிறது.)

சரி, கண் ஏமாற்றிவிட்டது, மூளை காப்பாற்றாதா? அந்தப் பத்துப் பேரில் ஒருவன் தர்க்கம் படித்தவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் நியாய நூல் சொல்லும் ஐந்து உறுப்பையும் வரிசையாக வைக்கிறான். பக்கம்: "நம்மில் ஒருவன் ஆற்றோடு போய்விட்டான்." ஏது, அதாவது காரணம்: "பத்துப் பேர் இறங்கினோம், ஒன்பது பேர்தான் ஏறியிருக்கிறோம்." திட்டாந்தம்: "எங்கே இறங்கியதை விட ஏறியது குறைகிறதோ, அங்கே ஆறு கொண்டு போயிருக்கும், போன வெள்ளத்தில் பத்து மாடு இறங்கி ஒன்பது ஏறின மாதிரி." உபநயம்: "இங்கேயும் அப்படித்தான் குறைகிறது." நிகமனம்: "ஆகவே போய்விட்டான்." எவ்வளவு அழகான அனுமானம்! உறுப்பு எதுவும் குறையவில்லை. ஆள்தான் குறையவில்லை, அது அவனுக்குத் தெரியவில்லை. ஏது அசித்தம். ஏறியது ஒன்பது பேர் என்பதே பொய். கண் கொடுத்த கெட்ட சரக்கை வாங்கி மூளை சமைத்தால் சோறு எப்படி இருக்கும்?

குமாரிலரும் அத்வைதியும் ஆறாவதாக ஒன்று வைத்திருக்கிறார்களே, அனுபலப்தி, தமிழில் இன்மை அளவை? "தேடினோம், அகப்படவில்லை, ஆகவே இல்லை." அதையும் செய்தார்கள். கரை முழுக்கத் தேடினார்கள். அகப்படவில்லை. உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

அப்போது வழியே ஒருவன் வருகிறான். "ஏன்யா அழுறீங்க?"

"பத்துப் பேர் வந்தோம். ஒருத்தனை ஆறு கொண்டுபோச்சு."

அவன் ஒரு பார்வை பார்த்தான். பத்துத் தலை. "அழாதீங்க, பத்தாவது ஆள் இருக்கான்." அழுகை நின்றது. ஆனால் பத்துப் பேரும் எங்கே பார்த்தார்கள் தெரியுமா? ஆற்றைப் பார்த்தார்கள்! எந்தக் கிளையைப் பிடித்துத் தொங்குகிறானோ என்று. வந்தவன் எண்ணிக்கொண்டிருந்தவனின் கையைப் பிடித்து, அவன் விரலை அவன் மார்புக்கே திருப்பி வைத்தான். "நீதான்யா அந்தப் பத்தாவது."

இரண்டு வாக்கியம். "பத்தாவது ஆள் இருக்கிறான்" என்பது முதல் வாக்கியம். அது தந்தது பரோட்ச ஞானம். பொருள் உண்டு என்று தெரிகிறது, எது என்று தெரியவில்லை. "அது நீ" என்பது இரண்டாவது. அது அபரோட்சம், நேரடி அறிவு. வந்தவன் புதிதாக ஒரு ஆளைக் கொண்டு வரவில்லை. புதுக் கண் கொடுக்கவில்லை. அந்தப் பத்துப் பேரிடம் இல்லாத ஒன்றே ஒன்றுதான் அவனிடம் இருந்தது: ஒரு சொல்.

உடனே எதிரணியில் ஒரு தலை ஆடுகிறது. "சொன்ன பிறகு அவன் மறுபடி தன்னையும் சேர்த்து எண்ணிப் பார்த்திருப்பானே, அப்போது காட்சிதானே?" ஐயா, இந்தச் சண்டை உங்களுக்கு முன்னாலேயே அத்வைதிகளின் வீட்டுக்குள் நடந்துவிட்டது. வாசஸ்பதி மிசிரரின் பாமதி மரபு, சொல் வழி காட்டும், பக்குவப்பட்ட மனம்தான் நேரே அறியும் என்றது. பிரகாசாத்மரின் விவரண மரபு, சொல்லே நேரடி அறிவைத் தரும் என்றது. பாமதிக்காரர் என்றால் உங்களுக்குப் பாதி மதிப்பெண் போடுவார். நான் விவரணக் கட்சி. அதே கண் பத்து முறை எண்ணியபோது ஏன் தெரியவில்லை? சொல்லுக்குப் பிறகு ஏன் தெரிந்தது? இடையில் வந்தது எதுவோ அதுவே காரணம். இது அனுமானம்தான், கருதல் அணியினரே, உங்கள் ஆயுதத்தைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கிக்கொண்டேன், திருப்பித் தந்துவிடுகிறேன்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பஞ்சதசி என்ற வேதாந்த நூலில் இருக்கிறது. பத்தாமவனுக்கு உண்மை தெரிந்ததும் அழுகை அந்த நிமிடமே நின்றுவிட்டது. அழுதபோது தலையில் அடித்துக்கொண்டானே, அந்தக் காயம் மட்டும் உடனே ஆறவில்லை. ஆற ஒரு மாதம் ஆயிற்று என்கிறது. அறிவு வந்தாலும் பழைய வினையின் வடு மெல்லத்தான் ஆறும் என்பதற்கு இப்படி ஓர் உதாரணம். எழுதியவர் மனிதர்களைக் கவனித்தவர்.

கண்ணைப் பற்றி ஒரு நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். உள்ள பொருளே கண்ணுக்குத் தெரியாமல் போக எட்டுக் காரணம் சொல்கிறது ஈசுவரகிருஷ்ணரின் சாங்கிய காரிகை. மிகத் தூரம், உயரப் பறக்கும் பறவை போல. மிக அருகு, கண்ணில் இட்ட மை போல. புலன் பழுது. மனம் வேறெங்கோ இருப்பது. நுண்மை, அணுவைப் போல. மறைப்பு, சுவருக்கு அந்தப் பக்கம். வலியது அடக்குவது, பகலில் நட்சத்திரம். தன்னைப் போன்றதில் கலப்பது, ஏரியில் விழுந்த மழைத்துளி. பத்தாமவனின் பிழை இதில் எது? இரண்டாவது. தானே என்பதால் தெரியவில்லை. அதைவிட அருகு ஏது?

அடுத்து அந்த ஓநாய். காட்சி அணித் தலைவர் ஓநாய்க் கதை சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நல்ல கதைதான், சமண ஆசிரியர் ஹரிபத்திரர் ஒரு சுலோகத்தில் அதைத் தொட்டுக்காட்டுகிறார், உரைகாரர்கள் விரித்துச் சொல்கிறார்கள். உலகாயதன் ஒருவன், ராத்திரி மனைவியை ஊருக்கு வெளியே கூட்டிப்போய், புழுதியில் விரலால் ஓநாய்க் காலடி மாதிரி ஊர் வரை பதித்துக்கொண்டு வந்தான். விடிந்ததும் ஊர்ப் பண்டிதர்கள் கூடி, "ராத்திரி காட்டிலிருந்து ஓநாய் வந்திருக்கிறது, இல்லாவிட்டால் தடம் ஏது?" என்றார்கள். அவன் மனைவியிடம், "பார்த்தாயா உன் பண்டிதர்களின் அனுமானத்தை" என்றான்.

கதை அனுமானத்தை அடிக்கிறது, சரி. ஆனால் முதலில் சறுக்கியது எது? விரல் குழியைக் கண்டு "காலடி" என்று எடுத்துக்கொண்டது கண். சிப்பியை வெள்ளி என்று எடுத்துக்கொள்ளும் அதே பிழை. மணிமேகலை இதற்குத் திரியக்கோடல் என்று பெயர் வைத்திருக்கிறது. அவன் மனைவி ஏமாறவில்லை, ஏனென்றால் நேரில் கண்டாள்; அதற்காகக் காட்சிக்கு ஒரு மதிப்பெண் கொடுங்கள், நான் கஞ்சன் இல்லை. கதையை இந்த மேடையில் சொன்னவர் அன்று அங்கே நின்று கண்டாரா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.

கருதல் அணித் தலைவருக்கு வேறு வழக்கு. "உரை தனி அளவையே இல்லை, கருதலில் அடங்கிவிடும்; பௌத்தரும் வைசேடிகரும் அப்படித்தான் சொன்னார்கள்" என்றார். புகையிலிருந்து நெருப்பை அறிவதுபோலச் சொல்லிலிருந்து பொருளை அறிகிறோம், அவ்வளவுதானாம். புகைக்கும் நெருப்புக்கும் இயற்கையான தொடர்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்று திருப்பிப் போட்டால் அதுவே கெட்டுவிடும். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு ஈர விறகு வேண்டும், அந்த ஒளிந்திருக்கும் நிபந்தனைக்குத்தான் உபாதி என்று பெயர். இப்படி உபாதி தேடித் தேடிக் கட்டும் தொடர்பு சொல்லுக்கும் பொருளுக்கும் உண்டா? நியாய சூத்திரமே கிண்டலாகப் பதில் சொல்கிறது: சோறு என்று சொன்னால் வாய் நிரம்பவில்லை, நெருப்பு என்றால் வாய் வேகவில்லை, கத்தி என்றால் நாக்கு அறுபடவில்லை. எதிரணித் தலைவர் பதினைந்து நிமிடம் பேசினார். வாய் பத்திரமாகத்தான் இருக்கிறது.

இனி அந்தக் கேலி. இதற்காகத்தான் மீதி நேரத்தைச் சேர்த்து வைத்தேன்.

காட்சி அணியின் இரண்டாவது பேச்சாளர், நல்ல நாவன்மை உள்ள சகோதரி, என்ன சொன்னார்? "உரை அணி என்றால் ஃபார்வர்டு அணி. எவனோ சொன்னான், அதை இவர்கள் அனுப்புவார்கள். கடைசியில் 'உன் அப்பா யார் என்று அம்மா சொல்லித்தானே தெரியும்' என்று உங்களை அழவைப்பார்கள். ஏமாறாதீர்கள். மணிமேகலையே அதைப் போலி அளவை என்று தள்ளியிருக்கிறது." சபை அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். எதிரணி மணிமேகலை படித்துவிட்டு வருவது எவ்வளவு நல்ல விஷயம்!

முதலில் ஃபார்வர்டு. அதற்கு நம்மிடம் பழைய பெயரே உண்டு: ஐதிகம். "இப்படிச் சொல்கிறார்கள்" என்று வழிவழியாக வருவது, முதலில் சொன்னவன் யார் என்று தெரியாதது. மணிமேகலை கொடுக்கும் உதாரணம், இந்த மரத்தில் ஒரு பேய் உண்டு என்பது. பேய் மாறியிருக்கிறது, மரம் மாறியிருக்கிறது, அனுப்புகிறவன் மாறவில்லை. உரை என்பது அதுவா? நியாய சூத்திரம் முதல் அத்தியாயத்திலேயே வரையறுக்கிறது: ஆப்தன், அதாவது நம்பத்தக்கவன், செய்யும் உபதேசம்தான் சப்தம். யார் ஆப்தன்? அந்தச் சூத்திரத்துக்கு வாத்ஸ்யாயனர் உரை எழுதுகிறார்: பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்தது அறிந்தபடியே பிறருக்குத் தெரிய வேண்டும் என்ற விருப்பத்தால் பேச வேண்டும். அவர் அடுத்துச் சொல்வதைக் கேளுங்கள். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் பொது! குலம் கேட்கவில்லை, மொழி கேட்கவில்லை, தாடி எவ்வளவு நீளம் என்று கேட்கவில்லை. ஆற்றங்கரையில் வழியே போனவனுக்கு என்ன பட்டம் இருந்தது? பத்துத் தலையைக் கண்டான், கண்டதைச் சொன்னான். அவன் ஆப்தன்.

சொல்கிறவனிடம் பார்க்க வேண்டிய குறையையும் பட்டியல் போட்டிருக்கிறார்கள்: மயக்கம், கவனக்குறைவு, ஏமாற்றும் எண்ணம், புலன் குறை. ஒன்று இருந்தாலும் அந்தச் சொல் தேறாது. ஆளுக்கு முன்னால் வாக்கியத்துக்கே தேர்வு உண்டு. "பசு குதிரை மனிதன் யானை" என்று அடுக்கினால் ஒன்றை ஒன்று அவாவவில்லை, அவாய்நிலை இல்லை. "நெருப்பால் நனை" என்றால் தகுதி இல்லை. "பசுவை" என்று இப்போது சொல்லி, "கொண்டுவா" என்று ஒரு நாழிகை கழித்துச் சொன்னால் அண்மை இல்லை. இந்த மூன்றும் இருந்தும் கருத்து தெரியாவிட்டால் கெட்டது: "சைந்தவம் கொண்டுவா" என்றால், சாப்பாட்டு நேரத்தில் உப்பு, புறப்படும் நேரத்தில் குதிரை. இலையில் உட்கார்ந்தவன் முன்னால் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினால்? இத்தனை வடிகட்டி வைத்த அளவையைப் பார்த்து ஃபார்வர்டு என்கிறார்கள்.

இப்போது அந்தப் போலி அளவை. மணிமேகலை 27ஆம் காதை, வஞ்சி நகரம், அளவைவாதி பேசுகிறான். எட்டுப் பிரமாண ஆபாசங்களை, அதாவது போலி அளவைகளைச் சொல்லி, எட்டாவதாக நினைப்பு என்று ஒன்றை வைக்கிறான். சகோதரி சொன்னது உண்மைதான், உதாரணம் தாய் தந்தைதான். ஆனால் அவர் வரியை முழுதாகப் படிக்கவில்லை. நான் படிக்கிறேன்:

"காரணம் நிகழாது நினக்கு இவர் தாயும் தந்தையும் என்று பிறர் சொலக் கருதல்."

இன்னொரு முறை. "காரணம் நிகழாது... பிறர் சொல." பிறர், நடுவர் அவர்களே, பிறர்! காரணம் ஏதும் இல்லாமல், எவனோ வந்து இவர் உன் தாய், இவர் உன் தந்தை என்று சொல்ல, அதை நம்புவது போலி. நானும் அதைத்தான் சொல்கிறேன், வாத்ஸ்யாயனரும் அதைத்தான் சொல்கிறார். பெற்றவள் பிறரா? அந்த வீட்டில் நேரே அறிந்தவள் யார்? அறிந்தபடி சொல்லும் விருப்பம் யாருக்கு? சாத்தனார் அந்த ஒரு சொல்லை வீணுக்கா போட்டார்?

"தாய் பொய் சொல்லமாட்டாளா?" என்று சகோதரி கேட்பார். கேட்கட்டும். அதே மணிமேகலையிலிருந்தே பதில் சொல்கிறேன். இனி தர்க்கம் போதும்.

ஆபுத்திரன் தெரியும். பெற்ற சாலி ஒரு தோட்டத்தில் விட்டுப் போனாள். ஏழு நாள் ஒரு பசு பால் கொடுத்தது. வளர்ந்தபின் "ஆ மகன்" என்று ஊர் ஏசியது, ஏசியவர்கள் பிறர். அமுதசுரபி ஏந்திப் பசி தீர்த்தவன், கடைசியில் மணிபல்லவத் தீவில் தனியே விடுபட்டு உண்ணாமல் உயிர் விட்டான். மறுபிறவி சாவக நாட்டில். அங்கேயும் ஒரு பசுவின் வயிற்றில் பிறக்கிறான். பிள்ளையில்லாத பூமிசந்திரன் எடுத்து வளர்க்கிறான். புண்ணியராசன் என்று முடி சூடுகிறான். அரண்மனை, படை, பரிவாரம், எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. கண் என்ன சொல்லும்? நீ அரசன் மகன். கருதல் என்ன சொல்லும்? சிம்மாசனம் இருக்கிறது, ஆகவே அரசன் மகன்.

காப்பியத் தலைவி மணிமேகலை வந்து, உன் பிறப்பை அறிய வேண்டும் என்ற எண்ணத்தை மூட்டிவிடுகிறாள். அவன் அரண்மனைக்குள் போகிறான். வளர்த்த தாய் அமரசுந்தரியிடம் கேட்கிறான்.

அந்தத் தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். மகன் அரசன். அவள் அரசமாதா. "ஆமாம், நான் பெற்ற பிள்ளைதான் நீ" என்று ஒரு பொய் போதும். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை. கண்டுபிடிக்க எந்த அனுமானமும் இல்லை. சொன்னால் அவளுக்கு நஷ்டம், மறைத்தால் யாருக்கும் தெரியாது. அவள் சொன்னாள். நீ நான் பெற்றவன் இல்லை, ஆவின் வயிற்றில் வந்தவன் என்று, உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஆப்தன் என்பதற்குப் பெண்பால் வேண்டுமானால் அமரசுந்தரி என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சொல் அவளிடமிருந்து அவனைப் பிரித்தது. அவன் அரசை அமைச்சனிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினான்.

மணிபல்லவம். கரையில் எலும்புகள். எதிரணிக்குச் சந்தோஷம், இதோ காட்சி வந்துவிட்டது! ஆனால் எலும்புக்குப் பெயர் உண்டா? தீவின் காவல் தெய்வம் தீவதிலகை தோன்றிச் சொல்கிறாள். உன்னை இங்கே மறந்து போன செட்டிகள், நினைவு வந்து தேடித் திரும்பி வந்தார்கள். நீ இறந்தது அறிந்து உயிர் விட்டார்கள். அவர்கள் எலும்பு இவை. அவர்களோடு வந்து அவர்கள் சோறு உண்டவர்கள் எலும்பு இவை.

அந்தச் செட்டிகள் எத்தனை பேர் தெரியுமா, நடுவர் அவர்களே? ஒன்பது பேர்.

ஆற்றங்கரையில் பத்துப் பேர் நின்று ஒன்பது எண்ணினார்கள். இங்கே ஒருவன் நின்று ஒன்பது செட்டிகளின் எலும்பைப் பார்க்கிறான். அப்போது தீவதிலகை, அலை கொண்டுவந்து குவித்த மணல் மூட, புன்னை மர நிழலின் கீழே இன்னோர் உடல் இருக்கிறது, காண் என்கிறாள்.

அரசன் மண்டியிட்டு மணலைத் தோண்டுகிறான்.

மணி அடித்துவிட்டீர்கள். உட்காருகிறேன், வணக்கம்.